மைதானங்களும் நடுகற்களும்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இலக்கியம் பேசும் வேளையில் விளையாட்டுக்கு என்ன இடம் என்று உங்களிற் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயினும், இலட்சம் மனிதர் ஓரிடத்திற் கூடி, ஒரே குரலில் ஆர்ப்பரித்து, ஒரே கணத்தில் மௌனித்துப்போகும் இடம் ஒன்று இருக்குமானால், அது இலக்கியத்துக்கு அந்நியமான இடமாக இருக்க முடியாது. கூட்டம் என்பது என்ன, அது எதனை நினைவில் வைத்திருக்கிறது, எதனை மறந்துவிடுகிறது என்பவை எழுத்தாளனின் வினாக்களும் அல்லவா?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் உதைபந்தாட்ட அரங்குகளைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். பெயர்தான் உதைபந்தாட்டம், நாம் அறிந்த ஆட்டம் அன்று. இரு முனையும் கூர்த்த பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும், எறிவதும், ஓடுபவனை ஆளோடு ஆள் மோதி வீழ்த்துவதுமே அங்கு ஆட்டம். பந்தைக் காலால் உதைப்பது அருமை. 1869ஆம் ஆண்டு நவம்பரில் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் என்னும் இரு கல்லூரிகளின் மாணவர்கள் ஆடிய ஆட்டமே இதன் தொடக்கம் என்பர். இன்று அந்நாட்டில் இலட்சத்துக்கு மேற்பட்ட ஆசனங்கள் கொண்ட அரங்குகள் அனைத்தும் பல்கலைக்கழகங்களுக்கே உரியவை என்றால் நம்புவீர்களா? தொழின்முறை அணிகளிடங்கூட அத்துணைப் பெரிய அரங்கு இல்லை.

இலையுதிர் காலத்துச் சனிக்கிழமைகளில் இந்த அரங்குகள் நிறைகின்றன. எந்த அரங்கில் ஆட்ட நாள் சிறந்தது என்று அந்நாட்டு ரசிகர்கள் ஓயாது வாதிடுவார்கள். ஒருவர் ஆசனங்களை எண்ணுவார். இன்னொருவர் ஓசையை அளப்பார். மற்றொருவர் உணவைப் புகழ்வார். நாமும் அந்த வாதத்திற் சற்றுக் கலந்துகொள்வோம்.

முதலில் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர். 1927இல் திறக்கப்பட்ட அரங்கு. நிலத்தை அகழ்ந்து கிண்ணம்போல் அமைத்தமையால் நெடுங்காலம் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அதன் பிரமாண்டம் தெரிவதில்லை. வாயிலைக் கடந்து உள்ளே நுழைந்ததும் காலடியில் ஒரு பள்ளத்தாக்கே விரியும். ஆசனங்கள் 107,601. கடைசியில் நிற்கும் அந்த ‘ஒன்று’, பழைய பயிற்றுநர் ஒருவரின் நினைவாக ஒதுக்கப்பட்ட ஆசனம் என்பது மரபு. அது எங்கே இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. கிண்ணத்தின் சரிவு ஆழமற்றது. ஆகவே கூட்டத்தின் குரல் வானத்திற் கரைந்துவிடுகிறது என்பது பழைய குறை. 2010இல் இரு பக்கங்களிலும் கட்டடங்கள் எழுந்த பின்னர் அக்குறை ஓரளவு நீங்கிற்று. 1975 நவம்பர் தொடக்கம் அங்கு நடந்த ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இலட்சத்துக்கு மேற்பட்டோர் வந்தார்கள். 2020இல் பெருந்தொற்று வந்து அரங்கை வெறுமையாக்கியபோதுதான் அந்தத் தொடர் அறுந்தது.

தெற்கே லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகருக்குப் போனால் கதை வேறு. அங்கே 1931 தொடக்கம் ஆட்டத்துக்குரிய வேளை இரவுதான். பகல் முழுவதும் வாகனத் தரிப்பிடங்களில் பெரிய பெரிய பானைகள் கொதிக்கும். இறாலும் கோழியும் சோற்றோடு கலந்து வேகும். முன்பின் அறியாதவனுக்கும் ஒரு கோப்பை நீட்டப்படும். அரங்கின் எதிரே, பல்கலைக்கழகம் வளர்க்கும் உயிருள்ள புலி ஒன்றைப் பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பார்கள். 1930களில் இந்த அரங்கின் படிகளுக்கு அடியிலேயே மாணவர் விடுதி அறைகள் கட்டப்பட்டன. பல தசாப்தங்கள் மாணவர் அங்கு வாழ்ந்தனர். 1988 ஒக்டோபர் 8ஆம் திகதி இரவு, ஓபன் அணிக்கெதிரான ஆட்டத்தின் இறுதி நிமிடங்களில் வெற்றிப் புள்ளி கிடைத்தபோது எழுந்த ஆரவாரம், பல்கலைக்கழகத்தின் நிலநடுக்கப் பதிவுக் கருவியிலேயே கோடாகப் பதிந்தது. கூட்டத்தின் மகிழ்ச்சி நிலத்தையே அதிரவைத்தது என்று கவிஞன் எழுதினால் உயர்வுநவிற்சி என்போம். இங்கே அது கருவியின் சாட்சியம்.

டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் அரங்கில் மாணவர்கள் அமர்வதில்லை. ஆட்டம் முடியும்வரை நின்றுகொண்டே இருப்பார்கள். காரணம் 1922 ஜனவரி 2ஆம் திகதி டலஸ் நகரில் நடந்த ஓர் ஆட்டம். வீரர்கள் ஒருவர்பின் ஒருவராகக் காயமுற்று வெளியேற, பார்வையாளர் பகுதியில் இருந்த கிங் கில் என்னும் மாணவரைப் பயிற்றுநர் அழைத்தார். அவர் காயமுற்ற வீரரின் உடையை அணிந்து களத்தோரம் நின்றார். கடைசிவரை அவர் தேவைப்படவில்லை, அணி வென்றது. ஆனாலும், அழைத்தால் இறங்க ஆயத்தமாக ஒருவன் நின்றான் என்ற அந்த ஒரு செய்தியை நூறு ஆண்டுகளாக மாணவர் தம் கால்களால் நினைவுகூருகின்றனர். ஆடாத ஒருவனுக்கு இத்துணை மரியாதை செய்யும் கூட்டம் வேறெங்கும் உண்டோ என்று எண்ணத் தோன்றுகிறது.

நேயர்களே, இதுவரை மகிழ்ச்சியாகவே வந்தோம். இனி மிஸிஸிப்பி மாநிலத்து ஒக்ஸ்போட் நகருக்குப் போகவேண்டும். இலக்கிய வாசகர்களுக்கு அது பழகிய ஊர். நோபல் பரிசு பெற்ற வில்லியம் ஃபோக்னர் வாழ்ந்த ஊர். ஒரு காலத்தில் அவர் அந்தப் பல்கலைக்கழகத்தின் தபாலகத்திலேயே வேலை பார்த்தவர். அங்குள்ள அரங்கின் பெயரில் ‘ஹெமிங்வே’ என்றொரு சொல் வரும். அது நாவலாசிரியரைக் குறிப்பதன்று. சட்டப் பேராசிரியர் ஒருவரின் பெயர். இலக்கிய ரசிகர்கள் ஏமாறக்கூடாது என்பதற்காகச் சொல்லிவைக்கிறேன்.

ஆட்ட நாளில் அங்குள்ள அழகு அரங்கில் இல்லை. அருகேயுள்ள தோப்பில் இருக்கிறது. ஓக் மரங்களின் நிழலில் கூடாரம் கூடாரமாக எழும். உள்ளே வெள்ளை விரிப்பிட்ட மேசைகள், வெள்ளிப் பாத்திரங்கள், தொங்கும் சரவிளக்குகள்கூட உண்டு. ஆண்கள் கழுத்துப்பட்டி அணிந்தும் பெண்கள் விழா ஆடை உடுத்தும் வருவார்கள். ஆட்டத்தில் தோற்றாலும் விருந்தில் தோற்பதில்லை என்பது அவர்கள் வழக்கமாகச் சொல்வது.

ஆனால் அந்தத் தோப்பை ஒட்டிய வளாகத்தில் 1962இல் நடந்தது என்ன? ஜேம்ஸ் மெரெடித் என்னும் கறுப்பின இளைஞரை அப்பல்கலைக்கழகம் அனுமதிக்கவேண்டும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. செப்டெம்பர் 29ஆம் திகதி இரவு, மாநிலத் தலைநகர் ஜக்சனில் பல்கலைக்கழக அணியின் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. இடைவேளையில் மாநில ஆளுநர் களத்துக்கு வந்து ஒலிவாங்கியைப் பிடித்தார். மிஸிஸிப்பியையும், அதன் மக்களையும், அதன் வழக்கங்களையும் தாம் நேசிப்பதாகச் சொன்னார். ‘வழக்கங்கள்’ என்ற அந்தச் சொல்லின் பொருள் அங்கிருந்த அனைவருக்கும் தெரியும். அரங்கெங்கும் பழைய அடிமைமுறை மாநிலங்களின் கொடிகள் அலையலையாக எழுந்தன. மறுநாள் இரவு ஒக்ஸ்போட் வளாகத்தில் கலவரம் மூண்டு இருவர் உயிரிழந்தனர். அவர்களில் ஒருவர் பிரெஞ்சுப் பத்திரிகையாளர். படையினரின் காவலில், ஒக்டோபர் முதலாம் திகதி மெரெடித் மாணவராகப் பதிவுசெய்துகொண்டார். அந்த ஆண்டு அணி ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை என்பது வரலாற்றின் கொடிய கிண்டல்.

அதே ஆண்டு ஜூலையில் ஃபோக்னர் காலமாகியிருந்தார். தம் நாவல்களில் அவர் திரும்பத் திரும்பக் காட்டிய உண்மை, பழைய பாவம் புதிய தலைமுறையின் வீட்டுக்குள்ளும் உலவும் என்பது. அவர் மறைந்து மூன்று மாதங்களுக்குள் அவருடைய ஊரே அதற்குச் சாட்சியாயிற்று. பின்னர் அங்கு மாற்றம் வரவில்லை என்று சொல்லமாட்டேன். 1972இல் கறுப்பின வீரர்கள் அணியில் இடம்பெற்றனர். 1997இல் அரங்கினுள் கொடிக்கம்புகள் தடைசெய்யப்பட்டன. கம்பில்லாமற் போனபோது கொடியும் போயிற்று. வளாகத்தில் 2006இல் மெரெடித்துக்குச் சிலை எழுந்தது. 2016இல் பழைய தெற்கின் பாடலை இசைக்குழு கைவிட்டது. ஒரு கூட்டம் தன் வழக்கத்தை மாற்றிக்கொள்ள எத்தனை ஆண்டுகள் எடுக்கிறது என்பதை இத்திகதிகளே சொல்கின்றன.

இறந்த வீரனுக்குக் கல் நட்டு, அதில் அவன் பெயரையும் பெருமையையும் பொறித்து வணங்கியவர்கள் நம் முன்னோர். நடுகல் என்றோம். நடு மேற்கில் சோளவயல்கள் சூழ்ந்த அயோவா மாநிலத்தில் உள்ள இரு பல்கலைக்கழக அரங்குகளைப் பற்றிப் படித்தபோது, இவை நடுகற்கள் அல்லவா என்றே எனக்குத் தோன்றிற்று. இரண்டும் இளமையில் மடிந்த இரு வீரர்களின் பெயரைத் தாங்கியவை.

ஒருவர் ஜாக் டிரைஸ். ஏம்ஸ் நகரின் அயோவா மாநிலக் கல்லூரியில் கால்நடை வளர்ப்பியல் கற்றவர்; அக்கல்லூரி அணியில் ஆடிய முதலாவது கறுப்பின வீரர். 1923 ஒக்டோபரில் மினசோட்டாவுக்கு எதிரான ஆட்டத்துக்கு முந்தைய இரவு, ஹோட்டல் காகிதத்தில் தமக்குத் தாமே ஒரு கடிதம் எழுதினார். தம் இனத்தினதும் குடும்பத்தினதும் தம்மினதும் மானம் நாளை தம் ஆட்டத்தில் தங்கியிருக்கிறது என்பதே அதன் சாரம். மறுநாள் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே காறை எலும்பு முறிந்தது. வெளியேறாமல் ஆடினார். பின்னர் எதிரணியினரின் கால்களுக்கிடையில் மிதிபட்டார். இரு நாட்களின் பின் இறந்தார், வயது 21. அது தற்செயலா, வேண்டுமென்றே செய்யப்பட்டதா என்ற வினாவுக்கு இன்றுவரை முடிவான விடை இல்லை. கடிதம் அவருடைய சட்டைப் பையில் பின்னர் கண்டெடுக்கப்பட்டது.

1970களில் மாணவர்கள் இந்த மறந்த பெயரைத் தூசுதட்டி எடுத்தார்கள். 1975இல் புதிய அரங்கு எழுந்தபோது அவர் பெயரைச் சூட்டுமாறு கேட்டார்கள். நிர்வாகம் தயங்கிற்று. 1984இல் புல்தரைக்கு மட்டும் அவர் பெயர் கிடைத்தது. மாணவர் சளைக்கவில்லை, 1988இல் கடிதத்தை வாசித்தபடி நிற்கும் டிரைஸின் சிலையை எழுப்பினர். 1997இல்தான் அரங்கு முழுவதும் அவர் பெயரைப் பெற்றது. அவர் இறந்து 74 ஆண்டுகளின் பின்!

மற்றவர் நைல் கினிக். அயோவா பல்கலைக்கழக வீரர். 1939இல் நாட்டின் தலைசிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதைப் பெற்றபோது, ஐரோப்பியப் போர்க்களங்களில் அல்லாமல் நடு மேற்கின் ஆட்டக்களங்களில் மோதக் கிடைத்தமைக்கு இறைவனுக்கு நன்றி சொன்னார். நான்கு ஆண்டுகள் நிறையவில்லை. 1943 ஜூன் 2ஆம் திகதி, கடற்படை விமானியாகப் பயிற்சிப் பறப்பில் ஈடுபட்டிருந்தபோது வெனிசுவேலாக் கரைக்கப்பால் கடலில் வீழ்ந்து மறைந்தார். உடல் கிடைக்கவில்லை. 1972இல் அயோவா சிற்றி நகரிலுள்ள அரங்குக்கு அவர் பெயர் இடப்பட்டது.

அயோவா சிற்றி, 1936இல் தோன்றிய புகழ்பெற்ற எழுத்தாளர் பட்டறையின் ஊர். யுனெஸ்கோவினால் இலக்கிய நகரமாக 2008இல் ஏற்கப்பட்ட ஊர். கினிக் அரங்கில் ஏறத்தாழ எழுபதினாயிரம் பேர் அமரலாம். நான் மேலே சொன்ன பேரரங்குகளுக்கு முன் அது சிறியதே. அதன் எதிரே, வீதிக்கு அப்பால், 2017இல் சிறுவர் வைத்தியசாலை ஒன்று உயர்ந்து நின்றது. அதன் மேல்மாடிக் கண்ணாடிச் சுவரூடாக அரங்கின் உட்புறம் தெரியும். கடும் நோயுற்ற பிள்ளைகளும் பெற்றோரும் அங்கிருந்து ஆட்டம் பார்ப்பார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு நாம் கையசைத்தால் என்ன என்று ஒரு ரசிகை முகநூலில் எழுதினார். அந்த ஆண்டு செப்டெம்பர் தொடக்கம், முதற் காற்பகுதி ஆட்டம் முடிந்ததும் எழுபதினாயிரம் பேரும் திரும்பி அந்த மாடியை நோக்கிக் கையசைக்கிறார்கள். இரு அணி வீரர்களும், நடுவர்களும், எதிரணி ரசிகர்களுங்கூட. மேலிருந்து சின்னக் கைகள் பதிலுக்கு அசைகின்றன. இரவு ஆட்டமாயின் கைத்தொலைபேசி விளக்குகள் அசையும்.

இத்தனையையும் அறிந்த பிறகும் இந்த விளையாட்டை நான் முற்றாகப் போற்றிவிட முடியாது. பயிற்றுநர்கள் பல மாநிலங்களில் ஆளுநரை விடவும் மிகுந்த ஊதியம் பெற்று வந்த காலத்தில், இலட்சம் பேருக்காக உடலை வருத்திய மாணவ வீரருக்குப் புலமைப்பரிசிலுக்கு மேல் ஊதியம் கிடையாது. 2021இல்தான் தம் பெயரையும் உருவத்தையும் கொண்டு வருவாய் பெற அவர்களுக்கு வழி பிறந்தது. பல்கலைக்கழகங்களே நேரடியாகப் பணம் கொடுக்க 2025 ஜூனில் நீதிமன்றம் இசைந்தது. தலையில் மீண்டும் மீண்டும் படும் அடி மூளையைச் சிதைக்கும் என்பதும் இன்று மருத்துவ உலகம் அறிந்ததே. நடுகல் நட்டுவிட்டால் மட்டும் கடன் தீர்ந்துவிடாது. கல்லாகும் முன்னரே வீரனைக் கண்ணெடுத்துப் பார்க்கவேண்டும்.

எந்த அரங்கில் ஆட்ட நாள் சிறந்தது என்ற வினாவுக்கு வருவோம். பரப்புக்கு ஆன் ஆர்பர், ஓசைக்கு பேட்டன் ரூஜ், விருந்துக்கு ஒக்ஸ்போட். இவற்றை யாரும் மறுக்கார். ஆனால் 1962இல் ஜக்சனில் கொடியசைத்ததும் கூட்டந்தான். அயோவாவிற் கையசைப்பதும் கூட்டந்தான். அங்கே அசைந்தது ஒருவனை உள்ளே வரவிடாமல் தடுப்பதற்காக. இங்கே அசைவது உள்ளே வரமுடியாத பிள்ளைகளுக்காக. என்னைக் கேட்டால், ஒரு நிமிடம் ஆட்டத்துக்கு முதுகு காட்டி நிற்கத் தெரிந்த அந்தச் சிறிய அரங்கையே சொல்வேன்.