ஜெபவீட்டில் படித்த சங்கப் பாடம்

(தோட்டத் தலைவர், மாதர் தலைவியர் வகுப்பில் ஆற்றிய உரை)



மெதடிஸ்த திருச்சபை என்றால் நமது நாட்டில் பள்ளிக்கூடங்கள்தான் ஞாபகம் வரும். 1814இல் காலியில் வந்திறங்கிய மிஷனரிமாரோடு தொடங்கிய கதை அது. இன்று நாம் பேசப்போவது இங்கிலாந்தில், டோர்செட் பகுதியில், டொல்படில் என்ற கிராமத்தில் உள்ள ஒரு சின்ன மெதடிஸ்த சபையைப் பற்றி.

1818இல் அந்த ஊர் மெதடிஸ்த மக்கள் மண்சுவர் எழுப்பி ஒரு ஜெபவீடு கட்டினார்கள். அங்கே பண்ணைத் தொழிலாளியே எழுந்து பிரசங்கம் செய்தான். அதற்காக வாசிக்கப் பழகினான். நாலு பேர் முன்னால் பேசப் பழகினான். வாரம் ஒரு பென்னி சேர்த்துக் கணக்கு வைப்பது மெதடிஸ்த மக்களின் வழக்கம். அந்தப் பிரசங்கிமாரில் ஒருவர்தான் ஜோர்ஜ் லவ்லஸ்.

அந்த ஊரில் வாரச் சம்பளம் 9 ஷில்லிங். அதை 8 ஆக்கினார்கள், பிறகு 7 ஆக்கினார்கள். 6 ஆகப்போகிறது என்றும் சொன்னார்கள். 1833இல் தொழிலாளர் சங்கம் அமைத்தார்கள். சேர ஒரு ஷில்லிங்; வாரச் சந்தா ஒரு பென்னி. ஜெபவீட்டில் பழகிய பழக்கம் சங்கத்துக்கு உதவியது.

சங்கம் வைப்பது அப்போது குற்றமில்லை. ஆகவே இரகசியச் சத்தியம் செய்தார்கள் என்று பழைய சட்டமொன்றைத் தேடி எடுத்தார்கள். 1834இல் ஆறு பேருக்கு ஏழு வருடம் நாடுகடத்தல். ஆறு பேரில் ஐவர் மெதடிஸ்தர். வீட்டிலிருந்த பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஊர் நிவாரணத்தைக்கூட மறுத்தார்கள். அந்தக் குடும்பங்களைக் காப்பாற்றியது மற்றத் தொழிலாளர் சேர்த்த பணம். லண்டனில் பெரும் ஊர்வலம் போனது, இலட்சக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். 1836இல் அரசாங்கம் மன்னிப்பு வழங்க வேண்டி வந்தது.

அந்த ஊரில் இன்று நிற்கும் மெதடிஸ்த ஆலயம் 1860களில் கட்டியது. அதன் வாசலில் 1912இல் அந்த ஆறு பேர் ஞாபகமாக வளைவு வைத்தார்கள். பழைய ஜெபவீடு நெடுங்காலம் பண்ணைக் கொட்டகையாகக் கிடந்தது. ஊர்மக்கள் அதை மீட்கப் பாடுபட்டார்கள். ஜூலை மாதத்தில் சங்கக் கொடிகளோடு அந்த ஊரில் ஊர்வலம் போகிறது.

தோழர்களே, நமக்கும் இந்தக் கதை உண்டு. நடேசய்யர் புடவை வியாபாரியாக வேஷம் போட்டுத்தான் தோட்டத்துக்குள் நுழைந்தார். கூடிப் பேச இடமில்லாத காலம் அது. இன்று நமக்குக் கோயில் மண்டபம் இருக்கிறது, மாதா கோயில் முற்றம் இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது. திருவிழாவுக்குத் திறக்கிறோம், மற்ற நாளில் பூட்டி வைக்கிறோம்.

அரைப்பேர் போட்டால் ஏன் என்று கேட்க, சம்பளத் துண்டை வாசிக்கத் தெரிய வேண்டும். மாதம் ஒரு ஞாயிறு அந்தக் கதவுகளைத் திறப்போம். சம்பளத் துண்டோடு வாருங்கள். பிள்ளைகள் வாசித்துக் காட்டட்டும், அம்மாமார் எழுந்து கேள்வி கேட்கட்டும். சாமி எதுவானாலும், மலையில் நிறுக்கிற தராசு நம் எல்லாருக்கும் ஒன்றுதான்.