இது கடல்கோள் அன்று



நிலமும் பொழுதும் முதற்பொருள் என வகுத்தது தொல்காப்பியம். அந்நிலத்தின் புள்ளும் மரமும் உணவும் தொழிலும் கருப்பொருள். இவற்றின்மேல் நின்றே மாந்தரின் உணர்வாகிய உரிப்பொருள் பிறக்கிறது. முதற்பொருளை மாற்றினால் மற்றவை என்னாகும் என்பதற்கு, இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள நெய்தல் நிலமே சான்று.

சோழமண்டலக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்து அலைகள் அதனை வடக்கே தள்ளுகின்றன. வாடைக்காலத்து அலைகள் ஒரு பகுதியைத் தெற்கே திருப்புகின்றன. வரவு செலவு பார்த்தால் வடக்கே செல்வதே மிகுதி. 1875-இல் சென்னைத் துறைமுகத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பின்னர்க் கடலுக்குள் நீண்ட கற்சுவர்கள் மணலின் வழியை மறித்தன. தெற்கே மணல் குவிந்தது; 1884-இல் ஆளுநர் கிராண்ட் டஃப் 'மெரினா' எனப் பெயரிட்ட கடற்கரை அகன்று விரிந்தது. வடக்கே, அலை அள்ளிய மணலுக்கு ஈடாக வரவேண்டிய மணல் வரவில்லை. இராயபுரம், திருவொற்றியூர்க் கரைகள் தேய்ந்தன. குப்பங்களின் வீடுகள் கடலுக்குள் போயின.

குமரியைக் கடல் கொண்டதெனக் கேட்டுப் பழகிய தமிழருக்கு, இதனையும் கடல்கோள் எனச் சொல்லிவிடுவது எளிது. இது கடல்கோள் அன்று.

கரையைக் காக்கக் கொட்டிய பாறைகள் அலையைத் தடுத்தன. ஆனால் வலை உலர்த்தவும் கட்டுமரம் ஏற்றவும் கரைவலை இழுக்கவும் இருந்த மணலை அவை மீட்டுத் தரவில்லை. தெருவைக் காத்த கல்லே தொழிற்களத்தை மூடிற்று. அரிப்பும் அடுத்த ஊருக்கு வடக்கே நகர்ந்தது.

கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்திலோ நீர்நிலையே மேடிட்டது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-இல் தொடங்கி 2017-இல் மூடப்பட்டது. 1994-இல் வடசென்னை அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அதன் சாம்பற்குழாய்கள் கசிந்து, கழியின் அடியில் சாம்பல் படிந்தது. படகு சென்ற இடங்கள் ஆழமிழந்தன. பறியைப் பல்லில் கவ்வி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்குச் சாம்பலே கையில் அகப்பட்டது.

2017 சனவரியில் காமராசர் துறைமுகத்தின் அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையொதுங்கியது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியே கழிமுகத்தில் பரவியது. படகும் வலையும் பாழாயின. எண்ணூர் மீனை வாங்குவோரும் தயங்கினர்.

மின்சாரமும் துறைமுகமும் நாட்டுக்குத் தேவை என்பதில் ஐயமில்லை. பயன் ஊருக்கெல்லாம், இழப்பு ஒரு கரைக்கு மட்டும் எனப் பங்கிட்டது எந்த நீதி? மெரினாவில் காற்று வாங்குவோர் மிதிக்கும் மணலில் இராயபுரத்தின் பங்கும் கலந்திருக்கிறது.

நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். பண்டைத் தலைவியின் இரக்கம் தலைவன் தேர் திரும்பினால் தீரும். இக்கரையின் இரங்கலுக்கு அத்தகைய மீட்சி தானாக வாராது. சாம்பலை அகற்றிக் கழிமுகத்தைத் தூர்வார வேண்டும். கடலில் புதிய சுவர் எழுப்புமுன் வடகரை மணலுக்குக் கணக்குக் கேட்க வேண்டும். கழியை அறிந்த மீனவரும் இருளரும் அக்கணக்கைப் பார்க்கும் அவையில் அமர வேண்டும். எழுத்தாளர் கடமை இவற்றுக்கு முன்னரே தொடங்குகிறது: மனிதர் செய்ததைக் கடல் செய்ததாக எழுதாதிருத்தல்.