பெரிய மிருகம் செத்துப்போகல

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா பையனுக்கு ஆறு வயசு, டைனோசர் பைத்தியம். நம்ம வாயில் நுழையாத பேரையெல்லாம் சுத்தமாகச் சொல்வான். திடீர்னு ஒரு கேள்வி கேட்டான்: "மாமா, உலகத்துலயே பெரிய மிருகம் செத்துப்போச்சுல்ல? இனிமே நாம பார்க்கவே முடியாதா?"

"இல்லடா, அது இன்னும் உயிரோட இருக்கு"ன்னு சொன்னேன். அவன் நம்பலை. இந்த எபிசோடு அவனுக்கான பதில்தான்.

முதலில் டைனோசர் கணக்கைப் பார்த்துடலாம். அர்ஜென்டினாவின் படகோனியாவில் எலும்புகள் கிடைத்த படகோடைட்டன், இதுவரை தெரிந்த மிகப் பெரிய டைனோசர்களில் ஒன்று. நீளம் சுமார் 37 மீட்டர், எடை 50 முதல் 70 டன் வரை இருக்கலாம் என்கிறார்கள். நீலத் திமிங்கிலம் சுமார் 30 மீட்டர்தான், நீளத்தில் தோற்றுவிடும். ஆனால் எடையில்? பெரிய திமிங்கிலங்கள் 150 டன்னைத் தாண்டும். தராசின் ஒரு தட்டில் இரண்டு படகோடைட்டனை ஏற்றினாலும், திமிங்கிலம் இருக்கும் தட்டுதான் கீழே இறங்கும்.

நடுவில் ஒரு போட்டியாளர் வந்தார். பெரு நாட்டில் கிடைத்த பெரூசிட்டஸ் என்ற பழங்காலத் திமிங்கிலம் 340 டன் வரை இருந்திருக்கலாம்னு 2023-இல் ஒரு ஆய்வு வந்தது. 2024-இல் வேறு ஆய்வாளர்கள் திரும்பக் கணக்குப் போட்டு, அதிகபட்சம் 114 டன் என்றார்கள். பட்டம் நீலத் திமிங்கிலத்திடமே இருக்கு.

இவ்வளவு பெரிய உடம்பு என்ன சாப்பிடுது தெரியுமா? கிரில். மீன் கடையில் கூனி என்று பொடி இறால் விற்பாங்களே, கிட்டத்தட்ட அந்த ஜாதி. அண்டார்க்டிக் கிரில் நம்ம சுண்டுவிரல் அளவுகூட வரலாம். திமிங்கிலம் வாயை அகலத் திறந்தபடி கிரில் கூட்டத்துக்குள் பாயும், தண்ணீரோடு வாரிக்கொள்ளும், பிறகு வாயில் இருக்கும் சல்லடை வழியாகத் தண்ணீரை மட்டும் வெளியே தள்ளும். சாப்பாட்டு சீசனில் ஒரு நாளைக்குப் பல டன் உள்ளே போகும்.

அது எப்போதுமே இவ்வளவு பெரிசா இருக்கவில்லை. ராட்சத அளவு கடைசிச் சில மில்லியன் ஆண்டுகளில் வந்ததுதான். பூமி குளிர்ந்து பனி பெருகியபோது, கிரில் எல்லா இடத்திலும் சமமாகக் கிடைக்காமல், சில இடங்களில், சில மாதங்கள் மட்டும் கொட்டிக் கிடந்தது. ஒரு விருந்து முடிந்து அடுத்த விருந்துக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீந்தணும். வழியில் சாப்பாடு குறைவு. அப்போ உடம்பில் இருக்கும் கொழுப்புதான் கட்டுச்சோறு. உடம்பு எவ்வளவு பெரிசோ, அவ்வளவு தூரம் போகலாம்.

இனி வரும் பகுதியை ஆறு வயசுக் குழந்தையிடம் எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியலை.

பல நூற்றாண்டுகளாக நீலத் திமிங்கிலத்தை மனுஷனால் பிடிக்க முடியலை. அத்தனை வேகம். கொன்றாலும் மூழ்கிவிடும். 19-ஆம் நூற்றாண்டில் நீராவிக் கப்பலும், நார்வேக்காரர் ஸ்வென் ஃபோயின் உருவாக்கிய, உள்ளே போய் வெடிக்கும் ஈட்டியும் வந்தன. 1904-இல் தெற்கு அட்லாண்டிக்கில் இருக்கும் தெற்கு ஜார்ஜியா தீவில் திமிங்கில வேட்டை நிலையம் தொடங்கியது. 1930–31 என்ற ஒரே சீசனில் மட்டும் அண்டார்க்டிக் கடலில் 29,000-க்கும் மேற்பட்ட நீலத் திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன. எதுக்கு? எண்ணெய்க்கு. அதில் சோப்பும் மார்கரினும் செய்தார்கள்.

இரண்டு லட்சத்துக்கும் மேல் இருந்த அண்டார்க்டிக் நீலத் திமிங்கிலங்கள், 1970-களின் தொடக்கத்தில் சில நூறுகளாகச் சுருங்கியிருந்தன. 1966-இல் சர்வதேசத் தடை வந்த பிறகும் சோவியத் கப்பல்கள் ரகசியமாக வேட்டையைத் தொடர்ந்தன. இன்னும் கொஞ்ச வருஷம் போயிருந்தால் என் அக்கா பையன் சொன்னதே உண்மையாகியிருக்கும்.

ஆனால் ஆகலை. அதே தெற்கு ஜார்ஜியா கடலில் 1998 முதல் 2018 வரை நடந்த ஆய்வுகளில் ஒரே ஒரு நீலத் திமிங்கிலம்தான் கண்ணில் பட்டது. 2020-இல் போன ஆய்வுக் குழு 58 முறை பார்த்தது. வருஷக் கணக்கா காலியா கிடந்த வீட்டில் விளக்கு எரியுற மாதிரி.

நமக்குப் பக்கத்திலும் இவை இருக்கு. இலங்கையின் மிரிசை, திருகோணமலைக் கடலில் நீலத் திமிங்கிலங்கள் வருகின்றன. இங்கே ஈட்டி இல்லை, ஆனால் கப்பல் இருக்கு. உலகின் நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்று, தெற்கே அவை மேயும் இடத்தின் குறுக்கே போகுது. மோதினால் கப்பலில் இருக்கிறவங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. பாதையைக் கொஞ்சம் தெற்கே தள்ளினால் பெரும்பாலான மோதல்களைத் தவிர்க்கலாம்னு ஆய்வாளர்கள் ரொம்ப நாளாகச் சொல்றாங்க. சில கப்பல் நிறுவனங்கள் தாங்களாகவே தள்ளிப் போகத் தொடங்கியிருக்கு. எல்லோரும் போகணும்.

டைனோசரைப் பார்க்க நாம ஆறரைக் கோடி வருஷம் தாமதமா வந்துட்டோம். பூமியின் மிகப் பெரிய மிருகத்துக்குச் சரியான நேரத்துல வந்திருக்கோம். அவன் கொஞ்சம் வளரட்டும், திருகோணமலைக்குக் கூட்டிட்டுப் போறேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன். அதுவரைக்கும் அது அங்கே இருக்கணும்.

அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.