ஆட்டமும் ஒரு கல்வியே

விளையாட்டைக் கற்கக் கல்லூரி எதற்கு என்று ஹட் பேயில் வாழும் பெற்றோர் வினவுவது இயல்பே. பிள்ளையைக் கப்பலேற்றி மேற்படிப்புக்கு அனுப்புவோர்க்கு ஒவ்வோர் ஆண்டும் அருமையுடையது.

2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து வரும் கடலடிக் கம்பி இத்தீவுகளில் செயற்படத் தொடங்கிற்று. லிட்டில் அந்தமானும் அதில் இணைந்தது. அதற்கு முன்னர், பெருநிலத்துக்கு இங்கிருந்து செல்லும் இணையச் செய்தி ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள செயற்கைக்கோளை எட்டியே சென்றது. இமைப்பொழுதில் வெற்றி முடிவாகும் மின்விளையாட்டில் அத்தாமதமே தோல்வியாகும். இன்று நம் இளைஞர் பிறருக்கு ஈடுகொடுத்து ஆட இயலும்.

ஆனால் ஆடுவது வேறு. ஆட்டத்தை ஆராய்வது வேறு. ஆடுபுலி ஆட்டத்தை எண்ணிப் பாருங்கள். புலிகள் 3, ஆடுகள் 15. படைகள் சமமல்ல, எனினும் இரு தரப்பும் வெல்ல வழியுண்டு. இஃது எவ்வாறு என்று கேட்பதே இக்கல்வியின் அரிச்சுவடி. கணிதம், ஓவியம், கதை, உளநூல், சட்டம் யாவும் இதில் கூடுகின்றன. இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயர் பல்கலைக்கழகம் 2018இல் இதற்கெனப் பட்டப்படிப்பே தொடங்கிற்று.

2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் மின்விளையாட்டுக்குப் பதக்கம் வழங்கப்பெற்றது. நம் நாடாளுமன்றம் 2025இல் இயற்றிய சட்டம் மின்விளையாட்டை ஊக்குவிக்கிறது. பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்கிறது. இவ்வேறுபாட்டைப் பெற்றோரும் அறிதல் வேண்டும்.

எனினும் ஆடியே பொருளீட்டுவோர் மிகச் சிலர். ஆதலின் கணிப்பொறியியலோ ஓவியமோ மொழியோ ஒன்றில் வேரூன்றி, இதனைக் கிளையாகக் கற்பதே அறிவுடைமை.

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். தமிழில் பேசும் ஆட்டங்கள் மிகக் குறைவு. வங்கமும் தெலுங்கும் தமிழும் கேட்டு வளரும் தீவுப் பிள்ளைக்கு அத்துறையில் செய்யவேண்டிய பணி உண்டு.