ராகி பாக்கெட்டுக்குப் படம்: அரட்டையா, இணையதளமா?

(உத்தனப்பள்ளி கூட்டத்தில் பேசியது)

ராகி மாவு பாக்கெட்டுக்கு ஏஐ-யில படம் எப்படிப் போடுறதுன்னு கேட்டீங்க.

2024 முதல் நம் நாட்டில் வாட்ஸ்அப்பிலேயே மெட்டா ஏஐ இருக்கிறது. வேண்டியதை எழுதினால் படம் வரும். பழகின இடம், பயமில்லை. ஆனா பத்துப் படம் கேட்டா முதல் படம் எங்கேயோ மேலே போயிடும்.

மிட்ஜர்னியும் 2022-இல் டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில்தான் வந்தது. பொது அறையில் அடுத்தவர் படங்களுக்கு நடுவே நம்முடையதைத் தேடணும். 2024 ஆகஸ்டில் அதன் இணையதளம் எல்லோருக்கும் திறந்தது. படங்கள் வரிசையா இருக்கும், அளவும் மாற்றலாம்; முழுசாப் பயன்படுத்தக் கட்டணம் உண்டு.

யோசனைக்கு வாட்ஸ்அப், லேபிளுக்கு இணையதளம். இது என் கருத்து.

எதில் போட்டாலும் உற்றுப் பாருங்க. எனக்கு ராகிக்குப் பதிலா கோதுமைக் கதிர் வந்துச்சு. அதை ஒட்டி வித்தா வாங்கினவங்க நம்புவாங்களா? தமிழ் எழுத்தையும் அச்சகத்திலேயே போட்டுக்குங்க.