சன்னத்தின் வீழ்ச்சி

லிங்கநகரிலிருந்து திருகோணமலைக் கோட்டைப் பக்கம் செல்வோர் அங்கே புள்ளிமான்கள் மேயக் காண்பர். அவை வேட்டைக்குரியன அல்ல. எனினும், மானுக்கும் பார்ப்பவருக்கும் இடையே எத்தனை மீற்றர் என்று கேட்டால் பலர் பிழையாகவே சொல்வர். வேட்டைத் துப்பாக்கியின் தொலைநோக்கி தீர்த்துவைக்க முடியாத பிழை அதுவே.

குழலை விட்டகன்ற சன்னம் நேர்கோட்டிற் செல்வதாக எண்ணுவது இயல்பு. உண்மையில் அக்கணமே அது குழல் நோக்கும் கோட்டினின்று தாழத் தொடங்குகிறது. செக்கனுக்கு 800 மீற்றர் விரையும் சன்னம் 100 மீற்றரைக் கடப்பதற்குள் ஏறக்குறைய 8 சென்ரிமீற்றர் தாழும். 200 மீற்றரில் அவ்வீழ்ச்சி இருமடங்கன்று, நான்மடங்கு. காற்றின் தடையால் இன்னும் சற்று மிகும்.

இதற்கு ஈடாகவே தொலைநோக்கியினுள், குறுக்குக் கம்பியின் கீழே, சிறு கீற்றுகளை இடுகின்றனர். நடுப்புள்ளி 100 மீற்றருக்குச் சரிசெய்யப்பட்டிருப்பின், கீழ்க்கீற்றுகள் 200, 300 மீற்றர்களுக்கு உதவும். உரிய கீற்றை இலக்கின்மேல் வைத்ததும் குழல் தானே சற்று நிமிர்கிறது. எளிய உபாயந்தான்.

ஆயினும் அக்கீற்றுகள் ஒருவகைத் தோட்டாவுக்கே பொருந்துவன. வேறு தோட்டாவை இட்டாற் கணக்குப் பிழைக்கும்; பல தொலைநோக்கிகளில் உருப்பெருக்கத்தை மாற்றினாலும் பிழைக்கும். தூரத்தை அறியாதவனுக்கோ எக்கீற்றும் பயன்படாது. 300 மீற்றரை 200 என்று மதித்து அவன் சுட, சன்னம் நெஞ்சுக்குக் கீழே காலில் தைக்கும். விலங்கு சாகாமல் நொண்டியபடி காட்டுக்குள் மறையும்.