வான்கோழி மிஞ்சினால்

அக்டோபர் மாதத்து இரண்டாவது திங்கட்கிழமை, அதாவது கனடாவின் தாங்க்ஸ்கிவிங், நேற்றோடு முடிந்தது. இன்று பல வீடுகளில் பிரிட்ஜைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அலுமினியத் தாளில் சுற்றி வைத்த வான்கோழித் துண்டாகத்தான் இருக்கும். கால்களைப் பிள்ளைகள் பங்கு போட்டிருப்பார்கள். சிறகும் போயிருக்கும். மிஞ்சுவது நெஞ்சு இறைச்சி. சின்னக் குடும்பம் என்று முழுப் பறவை வாங்காமல் நெஞ்சுப் பகுதியை மட்டும் வாங்கி ஓவனில் வைத்தவர்களுக்கும் இதே கதைதான். ஸ்காபரோவில் எங்கள் ஆட்களின் மேசையில் புரியாணியும் ஆட்டிறைச்சிக் கறியும் பக்கத்தில் இருக்கும்போது, வான்கோழியில் ஒரு துண்டை மரியாதைக்கு எடுத்துக்கொண்டு எழும்பிவிடுகிறோம். பிறகு மிஞ்சாமல் என்ன செய்யும்?

மிஞ்சியதை மறுநாள் கறியாக்குவோம் என்று எடுப்பார்கள். அங்கேதான் பிழை நடக்கிறது. ஆட்டிறைச்சி மாதிரி மசாலாவில் போட்டு அரை மணித்தியாலம் கொதிக்க விடுவார்கள். ஆட்டின் தொடையில் சவ்வும் கொழுப்பும் உண்டு. கொதிக்கக் கொதிக்க அந்தச் சவ்வு கரைந்து இறைச்சி மெத்தென்று வரும். வான்கோழி நெஞ்சில் கரைவதற்கு ஒன்றும் இல்லை. பண்ணையில் வளர்கிற வான்கோழி நடக்கும், பறக்காது. ஓயாமல் வேலை செய்கிற காலில் நிறமும் கொழுப்பும் சேரும்; நெஞ்சு வெள்ளையாக, கொழுப்பில்லாமல் இருக்கும். அதன் நடுவில் 74 பாகை செல்சியஸ் வந்துவிட்டால் அது வெந்துவிட்டது. அதற்கு மேல் கொடுக்கிற ஒவ்வொரு நிமிடச் சூடும் உள்ளே இருக்கிற சாறைப் பிழிந்து வெளியே தள்ளும். ஒருமுறை போன சாறு குழம்பில் ஊற வைத்தாலும் திரும்பி வராது.

ஆகவே இன்றைக்குச் சொல்லப்போகிற எல்லாவற்றிலும் முறை ஒன்றுதான்: குழம்பு முதலில், இறைச்சி கடைசியில். வெந்த இறைச்சிக்கு வேண்டியது சூடு மட்டும்.

கறியைப் பார்ப்போம். துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், நார் ஒரே பக்கமாக ஓடுவது தெரியும். கத்தியை அதற்குக் குறுக்கே வைத்துச் சின்னத் துண்டுகளாக வெட்டுங்கள். நார் கட்டையாக இருந்தால் கடிக்க இதமாக இருக்கும். இரண்டு கோப்பை இறைச்சிக்கு ஒரு பெரிய வெங்காயம், நாலு பல்லு உள்ளி, ஒரு துண்டு இஞ்சி, மூன்று பச்சைமிளகாய் போதும். எண்ணெயில் பெருஞ்சீரகமும் கறிவேப்பிலையும் ரம்பையும் போட்டு, வெங்காயம் பொன்னிறமாக வதங்கியதும் ஒரு தக்காளியும் யாழ்ப்பாணத்துக் கறித்தூள் ஒன்றரை மேசைக்கரண்டியும் சேருங்கள். ஒரு உருளைக்கிழங்கைச் சின்னதாக வெட்டிப் போட்டு, ஒரு கோப்பை தேங்காய்ப்பாலும் கொஞ்சம் தண்ணீரும் விட்டு மூடி வையுங்கள். கிழங்கு கரைகிற பதத்துக்கு வந்து, குழம்பு தடித்து, ஓரத்தில் எண்ணெய் மிதக்க வேண்டும். அதுவரை இறைச்சி சட்டிக்குப் பக்கத்தில் வரவே கூடாது. இப்போது போட்டு ஒரு கிளறு. இரண்டு மூன்று நிமிடத்தில் துண்டுகள் உள்ளேயும் ஆவி பறக்கச் சூடாகிவிடும். அடுப்பை நிறுத்தித் தேசிக்காய்ப் புளி விடுங்கள். புட்டுக்கு இது நன்றாகப் பொருந்தும். சோற்றைவிடப் புட்டுக்குத்தான் என்பது என் கட்சி.

அடுத்தது ரோல்ஸ். மட்டன் ரோல்ஸ் ரசிகர்கள் கோபிக்கக் கூடாது, ஆனால் வான்கோழி நெஞ்சுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. மாவும் தூளும் சுற்றி நிற்பதால் பொரிக்கிற சூடு இறைச்சியை நேரே தாக்குவதில்லை. இன்னொரு வசதியும் உண்டு. நேற்றைய மேசையில் மசித்த உருளைக்கிழங்கும் மிஞ்சியிருக்கும் அல்லவா? கிழங்கு அவிக்கிற வேலை மிச்சம். ஆனால் அதில் பாலும் வெண்ணெயும் இருப்பதால் கொஞ்சம் இளகலாக இருக்கும். லீக்ஸையும் வெங்காயத்தையும் பச்சைமிளகாயையும் வதக்கி, மிளகுதூள் தாராளமாகப் போட்டு, அதற்குள் கிழங்கைச் சேர்த்து, தாச்சியில் ஒட்டாமல் திரண்டு வருகிற வரைக்கும் கிளறுங்கள். இறக்கிய பிறகுதான் பொடியாகக் கொத்திய வான்கோழி. நன்றாக ஆறவிடுங்கள், சூட்டோடு வைத்தால் பான்கேக் கிழிந்துவிடும். கோதுமை மா, முட்டை, பால் கரைத்து மெல்லிசாக வார்த்து, உள்ளே வைத்து, இரண்டு ஓரத்தையும் மடித்துச் சுருட்டி, மாப்பசையால் ஒட்டுங்கள். முட்டையில் தோய்த்து றஸ்குத் தூளில் புரட்டினால் பொரிக்கலாம். தொட்டுக்கொள்ள, மிஞ்சிய கிரான்பெரி சோஸில் மிளகாய்த்தூளும் இஞ்சியும் ஒரு சொட்டு வினாகிரியும் போட்டுச் சூடாக்குங்கள். தனியே இருந்தபோது ஒருவரும் சீண்டாத சோஸ் அது. இப்போது புளியும் இனிப்பும் உறைப்புமாகச் சட்னி போல நிற்கும்.

கொத்து ரொட்டிக்கு மட்டும் இறைச்சியை வெட்டாமல் விரலால் நீளமாகப் பிய்த்துக்கொள்ளுங்கள். மரக்கறியும் முட்டையும் ரொட்டியும் கொத்துப்பட்ட பிறகு, முதலில் சொன்ன குழம்பில் இரண்டு அகப்பை விட்டு இறைச்சியைப் போட்டு இரண்டு பிரட்டு. சோற்றை வதக்கினாலும் இதே வரிசைதான். சாண்ட்விச்சுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. இந்த நாட்டுக்காரர் பாணுக்கு நடுவில் இறைச்சியை வைத்து மேலே சுடச்சுடக் கிரேவி ஊற்றிச் சாப்பிடுவார்கள். அதிலும் இறைச்சியை அடுப்பில் வைப்பதில்லை, கிரேவியின் சூடே போதும் என்று விடுகிறார்கள் பலர். பிரிட்ஜில் இருந்த இறைச்சி என்பதால் அதே கிரேவிக்குள் இறக்கி ஒரு கொதி வரவிடுவது பாதுகாப்பு.

பாதுகாப்பு என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. சமைத்து இறக்கி இரண்டு மணித்தியாலத்துக்குள் இறைச்சி பிரிட்ஜுக்குப் போயிருக்க வேண்டும். இரவு முழுக்க மேசையில் கிடந்தது என்றால் யோசிக்காமல் எறியுங்கள். ஒழுங்காக வைத்ததை மூன்று நாளுக்குள் முடிப்பது நல்லது. அதாவது வியாழக்கிழமை வரை. அதற்கு மேல் என்றால் இன்றே ஒருவேளைக்கு அளவான பொதிகளாக்கி உறைய வையுங்கள். கொஞ்சம் கிரேவியோடு உறைய வைத்தால் காய்ந்து போகாது.

எலும்போடு வாங்கியவர்கள் எலும்பை எறியாதீர்கள். நிறையத் தண்ணீரில் இரண்டு மணித்தியாலம் மெல்லக் கொதிக்கவிட்டு வடித்து, இடித்த மல்லி, மிளகு, சீரகம், உள்ளி, கொஞ்சம் பழப்புளி சேர்த்தால் எலும்பு ரசம். அக்டோபர் குளிருக்கும் தடிமனுக்கும் இதமானது. பிய்த்த இறைச்சி ஒரு பிடியை இறக்குகிற நேரம் போடலாம். உப்பை மட்டும் ருசி பார்க்காமல் போடவேண்டாம்: கடையில் உறைய வைத்து விற்கிற வான்கோழிகள் பலவற்றில் உப்புத் தண்ணீரை முன்பே ஏற்றித்தான் அனுப்புகிறார்கள்.